எட்டு மணி நேரக் கார்ப் பயணம், பின் இருக்கையில் இரண்டு வாண்டுகள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு காரில் ஒரு நீண்ட பயணம் போகிறோம். வண்டி ஓடும் நேரம் மட்டுமே எட்டு மணி நேரம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு இரண்டரை. கணவர் ஓட்டுவார், மாமியாரும் கூட வருகிறார். போன முறை இதில் பாதி தூரம்தான் போனோம். மூன்றாவது மணி நேரத்திலேயே இரண்டு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வாங்கி வைத்திருந்த பொம்மை எல்லாம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கீழே கிடந்தது. வேறு வழியில்லாமல் போனைக் கொடுத்தேன், மகள் அதைப் பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்துவிட்டாள். அழுகையை நிறுத்த மகனை சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் எரிச்சலில் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார். இந்த முறை என்னென்ன பொம்மை வாங்கினால் சமாளிக்கலாம்? போன் கொடுப்பது அவ்வளவு தப்பா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "மூன்றாவது மணி நேரத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை பெல்ட் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான் என்றால் அவன் நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஒரு குழந்தை படுத்தும்போது அதன் உடம்பு என்ன கேட்கிறது என்று பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அதனால் பொம்மைக்குப் போவதற்கு முன்னால் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. தள்ளுவண்டி, உயர நாற்காலி மாதிரி ஓரிடத்தில் கட்டி உட்காரவைப்பது ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. 1 முதல் 4 வயது வரை நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டிய பிள்ளையை நாம் எட்டு மணி நேரம் பெல்ட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம், அந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துவது எல்லோருக்கும் நடக்காது. நான் என்னிடம் வரும் பெற்றோருக்குச் சொல்வது இதுதான்: பிள்ளைகள் விழித்திருந்தால் ஒன்றரை மணி நேரம், தூங்கினால் இரண்டு மணி நேரம், அதற்குள் ஒரு நிறுத்தம். அழுகை வந்தபிறகு நிறுத்தினால் அது தாமதம். நன்றாகச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டும், அதற்குத்தான் மனசு வராது.

எனக்கும் வரவில்லை. என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, "இன்னும் அரை மணி நேரம்தானே, போய்விடலாம்" என்று இரண்டு இடங்களில் நிறுத்தாமல் தாண்டினோம். அவன் அழ ஆரம்பித்தான், ஒன்றரை மணி நேரம் அழுதான், போய்ச் சேர்ந்த பிறகும் இரவு வெகுநேரம் தூங்காமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டே கிடந்தான். மிச்சப்படுத்திய அரை மணி நேரத்துக்கு அவன் கொடுத்த விலை அது. இத்தனைக்கும் அப்போதே நான் இந்தத் தொழிலில் இருந்தேன். அதனால் உங்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

சரி, உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விடிகாலை 5 மணிக்குக் கிளம்புங்கள். தூக்கத்திலேயே பிள்ளைகளைத் தூக்கி வந்து சீட்டில் உட்காரவைத்தால் 7 மணி வரை பெரும்பாலும் தூங்கிவிடுவார்கள். அப்போது 40 நிமிடம் நிறுத்திச் சாப்பிட்டு ஓடவிட்டு, பிறகு ஒன்றரை மணி நேரம் ஓட்டம், 20 நிமிட நிறுத்தம், மறுபடி ஒன்றரை மணி நேரம். அதற்குள் மணி 11 ஆகிவிடும். முக்கால் மணி நேரம் மதியச் சாப்பாடு, நிறைய ஓட்டம், அப்புறம் வண்டியில் ஏறினால் மதியத் தூக்கத்தில் இரண்டு மணி நேரம் போய்விடும். இன்னொரு 20 நிமிட நிறுத்தம், கடைசி ஒரு மணி நேரம். மதியம் மூன்று மணி வாக்கில் சேர்ந்துவிடலாம். நான்கு நிறுத்தங்களுக்கும் சேர்த்து நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது இரண்டு மணி நேரம்தான்.

ராத்திரி முழுக்க ஓட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நள்ளிரவிலிருந்து விடியும் வரை ஓட்டுபவரின் உடம்பும் தூங்கத்தான் பார்க்கும், தூக்கக் கலக்க விபத்துகள் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான். விடிகாலை கிளம்புவதென்றாலும் உங்கள் கணவர் முந்தின நாள் சீக்கிரமே படுத்து முழுத் தூக்கம் தூங்கியிருக்க வேண்டும். மூட்டை கட்டும் வேலை எதையும் அன்று ராத்திரி அவர் தலையில் போடாதீர்கள். மதியம் பிள்ளைகள் தூங்கும் அந்த இரண்டு மணி நேரமும் எல்லோருக்கும் கண் சொக்கும், முன்னால் உட்கார்ந்திருப்பவர் விழித்திருந்து அவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும்.

நிறுத்தத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது பின்னால் வரும் ஒன்றரை மணி நேரத்தைத் தீர்மானிக்கும். இறங்கி, கழிப்பறை போய், நின்றபடி ஏதோ வாயில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினால் அது பிள்ளைக்கு நிறுத்தமே இல்லை. தசைக்கும் மூட்டுக்கும் நல்ல வேலை கொடுத்தால் உடம்பு தானாக அமைதியாகும், இது நான் கிளினிக்கில் தினமும் பார்ப்பது. தவளை மாதிரி குதிக்கச் சொல்லுங்கள். சுவரில் இரண்டு கையையும் வைத்து, "சுவரைத் தள்ளிவிடு பார்க்கலாம்" என்று தள்ளச் சொல்லுங்கள். கரடி மாதிரி நான்கு காலில் நடக்கட்டும். தண்ணீர் பாட்டில் இருக்கும் பையை அவனே தூக்கிக்கொண்டு வரட்டும். பத்து நிமிடம் இப்படிச் செய்த பிள்ளை சீட்டில் உட்காரும் விதமே வேறு. வண்டி வந்து போகாத, பிள்ளைகள் ஓடினாலும் பயப்படத் தேவையில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், சாலை ஓரத்தில் வேண்டவே வேண்டாம். முன்கூட்டியே வரைபடத்தைப் பார்த்து நான்கு இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டால் அன்றைக்குத் தடுமாற வேண்டியதில்லை.

இப்போது மகள் வாந்தி எடுத்த விஷயம். அவள் கண் போனில் இருந்தது, போன் அசையவில்லை என்று கண் சொன்னது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ, வண்டி வளைகிறது, குலுங்குகிறது என்று சொன்னது. இரண்டு தகவலும் மூளையில் மோதும்போது வருவதுதான் அந்தக் குமட்டல். இரண்டு வயதுக்குக் கீழ் இது அபூர்வம், அதற்கு மேல் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். அதனால் தம்பி சும்மா இருந்தான், அக்கா வாந்தி எடுத்தாள் என்பதில் ஆச்சரியமில்லை, இன்னும் கொஞ்ச நாளில் தம்பிக்கும் வரலாம்.

வாந்திக்கு முன்னால் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் சொல்வார்கள். பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்துவாள். இரண்டு மூன்று கொட்டாவி வரும். உதட்டைச் சுற்றி வெளுக்கும், நெற்றியில் பொடிப்பொடியாக வியர்க்கும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பாள். "என்னடா கண்ணு, தூக்கம் வருதா?" என்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சமயத்தில் புத்தகம், ஸ்டிக்கர், போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, தலையை சீட்டில் சாய்த்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் இறங்கிக் கொஞ்சம் நடங்கள். வயிறு காலியாகவும் வேண்டாம், முட்டவும் வேண்டாம், எண்ணெய் இல்லாத லேசான உணவு கொஞ்சம் கொஞ்சமாக. மூடி இறுக்கமாக மூடும் ஒரு டப்பா, இரண்டு துண்டு, ஒரு மாற்று உடை, இவை உங்கள் காலடியில் இருக்க வேண்டும், டிக்கியில் இருந்தால் பிரயோஜனமில்லை.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயணக் குமட்டல் மருந்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். உதாரணமாக ப்ரோமெதசின் என்ற மருந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். வாந்தி இல்லாவிட்டாலும் "தூங்கிவிடுவான்" என்று இந்த வகை மருந்துகளைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது. சில பிள்ளைகளுக்கு இது தலைகீழாக வேலை செய்து துள்ளலை அதிகமாக்கிவிடும் என்பது வேறு.

இதோடு சேர்த்து, சொல்லாமல் விட முடியாத ஒன்று. ஓடும் வண்டியில் மகனை சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தீர்கள். ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றாது, எனக்குப் புரிகிறது. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதினால் 12 கிலோ பிள்ளை அந்த நொடியில் உங்கள் கைக்குப் பல நூறு கிலோவாகக் கனக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் நிற்காது. அதே மாதிரி உங்கள் கணவர் திரும்பிப் பார்ப்பதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது, இரண்டு விநாடி பின்னால் திரும்பினால் 44 மீட்டர் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: பின்னால் என்ன நடந்தாலும் அது ஓட்டுபவரின் வேலை இல்லை, பெல்ட்டைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் முதலில் வண்டி நிற்கும். நின்றபிறகு மடியில் வைத்துக்கொள்ளலாம், கொஞ்சலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

சரி, இனி விளையாட்டு.

பின் இருக்கையில் நடுவில் ஒரு பெரியவர், இரண்டு பக்கமும் பிள்ளைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்களும் உங்கள் மாமியாரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். (இரண்டு குழந்தை சீட்டுக்கு நடுவில் ஆள் உட்கார இடம் இருக்கிறதா, அவருக்கும் பெல்ட் சரியாகப் போட முடிகிறதா என்று இப்போதே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.) முன்னால் இருந்தபடி கையைப் பின்னால் நீட்டி நீட்டிப் பொருள் கொடுப்பதற்கும், பக்கத்தில் ஆள் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் கேட்ட பொம்மைப் பட்டியலில் முதல் பெயர் பாட்டிதான். அவர் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தாலே போதும். "உங்க அப்பா சின்ன வயசுல ஒரு நாள் என்ன பண்ணினான் தெரியுமா?" என்று ஆரம்பித்தால், முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பா உட்பட எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அப்பா சின்னப் பையனாக இருந்து அடி வாங்கிய கதையை ஐந்து வயதுப் பிள்ளை எட்டுத் தடவை கேட்கும். அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அவரும் நான்கைந்து கதைகளை யோசித்து வைத்துக்கொள்வார், தான் சும்மா உடன் வரும் ஆள் இல்லை என்ற சந்தோஷமும் அவருக்கு இருக்கும்.

பொம்மை ஏன் ஒரு மணி நேரத்தில் கீழே போனது? எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுப் பையை மகன் மடியில் வைத்தீர்களா? பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டரை வயதில் ஒரு பொருள் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் பிடித்துவைக்கும். பத்துப் பொருளையும் ஒரே நேரத்தில் காட்டினால் பத்தும் பத்து நிமிடத்தில் பழையதாகிவிடும். பை உங்கள் காலடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும். ஒன்று வெளியே வந்தால் முந்தினது உள்ளே போக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அதே பொருளை எடுங்கள், புதுசு மாதிரி வாங்கிக்கொள்வான். புதிதாக எதுவும் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டில் இப்போது அவன் விளையாடும் சாமான்களில் ஐந்தாறை எடுத்துப் பயணம் வரை ஒளித்து வைத்துவிடுங்கள்.

மகனுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் பொருள் ஒரு சுருள் காகித டேப். பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டுவார்களே, பசை ஒட்டாமல் உரியும் அந்த வகை. என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு குட்டிப் பையன், ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்காராதவன், இதை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். விரல் நீளத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு முனையை மட்டும் லேசாக மடித்துவிட்டு, அவன் சீட்டின் கைப்பிடியிலும், அவன் முழங்காலிலும், உங்கள் கையிலும் ஒட்டுங்கள். மடித்த முனையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிக்க அவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பாடுபடுவான். 'சர்ர்' என்று உரியும்போது அந்தச் சத்தத்துக்கே சிரிப்பான். உரித்ததை உங்கள் மூக்கில் ஒட்டுவான், நீங்கள் தும்முவது போல நடிக்க வேண்டும், அப்புறம் மறுபடி, மறுபடி. வாயில் போடுகிறானா என்று மட்டும் கண் வைத்துக்கொள்ளுங்கள். டேப்பில் சாலை போட்டு ஒரு குட்டிக் காரை ஓட்டலாம், முன் சீட்டின் முதுகில் ஒரு முகம் செய்யலாம்.

ஸ்டிக்கர் கொடுப்பதானால் வீட்டிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். ஸ்டிக்கர்களைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பகுதியை முழுக்க உரித்து எறிந்துவிட்டால், மிச்சம் இருக்கும் ஒவ்வொரு ஸ்டிக்கரின் விளிம்பும் அவன் விரலுக்குச் சிக்கும். இல்லாவிட்டால் "அம்மா எடுத்துக் குடு, அம்மா எடுத்துக் குடு" என்று ஒரு மணி நேரமும் நீங்கள்தான் உரித்துக்கொண்டு இருப்பீர்கள்.

காலியான டிஷ்யூ பெட்டிக்குள் நான்கைந்து வண்ணத் துணிகளைத் திணித்து வையுங்கள், ஒவ்வொன்றாக இழுப்பது அவனுக்கு அலுக்காது. ஒரு பழைய சாக்ஸில் இரண்டு கண் வரைந்தால் கைப்பொம்மை. அது அவன் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்ல வேண்டும், அவன் திருத்த வேண்டும், அதுதான் விளையாட்டே. கீழே போடுவது இந்த வயதின் தொழில், அதைத் தடுக்க முடியாது. இரண்டு மூன்று பொருள்களை நாடாவில் கட்டி சீட்டோடு முடிந்துவிடலாம், ஆனால் நாடா ஒரு சாணுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும், நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கெட்டியான, கனமான, கூரான எதுவும் பின் இருக்கைக்கு வேண்டாம், திடீர் பிரேக்கில் அது பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பென்சிலும் அதில் சேர்த்திதான். பட்டன் பேட்டரி போட்ட சாமான்களின் மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

மகளுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். "எப்போ வரும், எப்போ வரும்" என்று கேட்டுக்கொண்டே வந்திருப்பாளே? ஐந்து வயதுக்கு "இன்னும் மூன்று மணி நேரம்" என்பது ஒரு வெறும் சத்தம். அவள் நம்மைத் தொந்தரவு செய்யக் கேட்கவில்லை, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பதற்றத்தில் கேட்கிறாள். ஒரு நீளக் காகிதத்தில் வீட்டில் ஆரம்பித்துப் போய்ச் சேரும் இடம் வரை ஒரு கோடு வரையுங்கள். நடுவில் நான்கு வட்டம், நான்கு நிறுத்தம். வழியில் வரும் பாலம், ஆறு, பெரிய வளைவு எதையாவது தெரிந்தால் சின்னதாகப் போடுங்கள். அவளையே வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், கிளம்புவதற்கு முந்தின நாளே. பயணத்தில் அவள்தான் வழிகாட்டி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்கு பாட்டி" என்று எல்லோருக்கும் அறிவிக்க வேண்டியது அவள் பொறுப்பு. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை சொல்கிற பிள்ளையாக மாறுவதைப் பார்ப்பீர்கள். ஓட ஓடக் குனிந்து பார்க்க வேண்டாம், நிறுத்தத்தில் மட்டும் காகிதத்தை எடுத்தால் போதும்.

குமட்டல் வரும் பிள்ளை என்பதால் அவளுக்குக் கண்ணை வெளியே வைக்கும் விளையாட்டும், காதால் ஆடும் விளையாட்டும்தான் சரிப்படும். ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொண்டு அந்த நிற வண்டியைப் பத்து வரை எண்ணுவது எல்லோருக்கும் தெரியும், ஆரம்பிக்க அது நல்லது. அடுத்தது சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் சொல்ல வேண்டும். தமிழில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மரம், பழம், படம் என்று பாதிச் சொற்கள் 'ம்'-இல் முடியும். புள்ளியை எடுத்துவிட்டு 'ம' வரிசையில் எதையும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் என்றால் மாடு, மாடு என்றால் 'டு'-வில் சொல் கிடையாது, அப்போது அதற்கு முந்தின எழுத்து. இந்த விதிகளைப் பற்றி அவள் உங்களோடு சண்டை போடுவாள் பாருங்கள், அந்தச் சண்டையிலேயே பத்து நிமிடம் போய்விடும், ர-வும் ற-வும் தானாகவே மண்டையில் ஏறிவிடும்.

"யாரு தைச்ச சட்டை, தாத்தா தைச்ச சட்டை" என்பதை வேகமாகச் சொல்லச் சொல்லி எல்லோரும் நாக்குக் குழறுவது இன்னொன்று. பெரியவர்கள் குழறும்போது பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை, நீங்கள் வேண்டுமென்றே நன்றாகக் குழறுங்கள். விடுகதை போடுங்கள், அப்புறம் அவளைப் போடச் சொல்லுங்கள். "நாலு கால் இருக்கும், நடக்காது, அது என்ன?" என்று ஒன்று சொல்லிக் கொடுத்தால், அதே அச்சில், "ரெண்டு கை இருக்கும், எழுதாது" என்று சட்டையை நினைத்து அவளே ஒன்று கட்டுவாள். சரியாக வராவிட்டாலும் திருத்தாதீர்கள். கதைச் சங்கிலியும் உண்டு, ஆளுக்கு ஒரு வரி. வரியை "அப்போ திடீர்னு..." என்று பாதியில் விட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும். தம்பியும் அதில் "டுமீல்" என்று ஒரு வரி சொல்வான், கதை அதையும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

சத்தம் மிஞ்சிப்போய் உங்கள் கணவருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தால் 'காது விளையாட்டு'. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு (அப்பா தவிர) ஒரு நிமிடம் எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல் மடக்க வேண்டும். டயர் சத்தம், காற்று, தாண்டிப் போகும் லாரி, பாட்டியின் வளையல், தம்பியின் மூக்கு. "வாயை மூடு" என்று பத்து முறை கத்துவதைவிட இது வேகமாக வேலை செய்யும்.

அடுத்து போன். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது நான் மேலே சொன்ன அதே 2019 வழிகாட்டுதல். ஒரு பயண நாளில் அது கொஞ்சம் கூடிப்போவதால் பிள்ளை கெட்டுப்போய்விடாது, அதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். எனக்கு இருக்கும் கவலை எப்போது, எப்படி என்பதில்தான். முதல் மணி நேரத்திலேயே கொடுத்தால் மற்ற எல்லா விளையாட்டும் அதன் முன்னால் தோற்றுப்போகும். கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் எல்லோரும் களைத்திருப்பார்கள், பாட்டிக்கும் குரல் போயிருக்கும். மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல், முன் சீட்டின் முதுகில் கண் மட்டத்தில், கழன்று விழாத மாதிரி இறுக்கி மாட்டுங்கள். அப்படியும் மகளுக்குக் குமட்டல் வந்தால் அவளுக்குத் திரை இல்லை என்று வைத்துக்கொண்டு, கார் ஸ்பீக்கரில் ஒலிக்கதை போடுங்கள், தம்பியும் கேட்கட்டும், ஒருத்திக்கு இல்லாததை இன்னொருவன் கையில் கொடுத்தால் அங்கேயே போர் மூளும். எல்லாவற்றையும் வீட்டிலேயே டவுன்லோட் செய்து வையுங்கள். நிறுத்தும்போது "பத்து நிமிஷம் ஆச்சு" என்று பிடுங்க வேண்டாம். "இந்தக் கதை முடிஞ்சதும் போன் தூங்கப் போகுது" என்று ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டால், கதை முடியும் இடம் அவனுக்கே தெரியும்.

அழாமல் வந்தால் அது வாங்கித் தருகிறேன், இது வாங்கித் தருகிறேன் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் அழாமல் இருப்பது அந்த வயதில் யாராலும் முடியாத காரியம், முடியாததற்குப் பரிசு வைத்தால் தோல்விதான் கையில் வரும்.

இத்தனை செய்தும் ஒரு இடத்தில் அழுவார்கள். அப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு உடம்பைப் பாருங்கள். கன்னத்தில் வெயில் அடிக்கிறதா? பெல்ட் கழுத்தில் உரசுகிறதா? ஷூ இறுக்கமா? டயப்பர் நனைந்திருக்கிறதா? மலைப்பாதையில் ஏறுகிறீர்கள் என்றால் காது அடைத்திருக்கும், இரண்டு மிடறு தண்ணீர் குடித்தால் சரியாகும். சமீபத்தில்தான் டயப்பரை விட்ட பிள்ளை என்றால் அன்று ஒரு நாள் போட்டுவிடுங்கள், "இன்னைக்கு வண்டிக்காக" என்று அவனிடம் சொல்லிவிட்டு. சாப்பிடக் கொடுப்பதாக இருந்தால் வண்டி நின்றபிறகு கொடுப்பதே நல்லது. ஓடும்போது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மென்மையானது மட்டும், கொட்டைகள், முழுத் திராட்சை, பாப்கார்ன் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புரையேறினால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

இவை எதுவும் இல்லை, சும்மாதான் அழுகிறான் என்றால், பேச்சைக் குறைத்துக்கொண்டு அவன் உள்ளங்காலை அழுத்திப் பிடித்துவிடுங்கள். தோளிலிருந்து விரல் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள், ஒரே பாட்டைத் தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பப் பாடுங்கள். "போதும் நிறுத்து" என்பதற்குப் பதில், "உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சா, ஆமாம்டா, அடுத்த இடத்துல இறங்கி ஓடலாம்" என்று சொல்லுங்கள். சொன்னால் நிறுத்தியும் ஆக வேண்டும். ஒரு தடவை ஏமாற்றினால் அன்றைக்கு முழுக்க உங்கள் பேச்சு எடுபடாது.

ஒன்று விட்டுப்போச்சு. தூங்குகிறார்களே, எழுப்ப வேண்டாம், இதோ வந்துவிடுகிறேன் என்று பிள்ளைகளை வண்டியில் விட்டுவிட்டு யாரும் இறங்கக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் சூடு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு பல மடங்கு வேகமாகச் சூடாகும். பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், முறை வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் வணக்கம் சொல்லச் சொல்லி நிறுத்தாதீர்கள். முதல் இருபது நிமிடம் வாசலிலோ வெளியிலோ ஓடட்டும், உங்களில் ஒருவர் கூட நின்றால் போதும், சாமான் இறக்குவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மகளிடம் அந்தக் காகிதத்தில் கடைசி ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள். காகிதத்தைப் பத்திரமாக எடுத்துவையுங்கள், திரும்பி வரும்போது அதையே மறுபக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். டேப் மட்டும் இரண்டு சுருளாக வாங்கிக்கொள்ளுங்கள், முதல் சுருள் போகும்போதே தீர்ந்துவிடும்.